நான் செய்த நல்ல காரியம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றினால் புத்தி சொல்ல மாட்டார்கள், கையில் எதையும் திணிக்க மாட்டார்கள். "நாளைக்குக் கம்பெனிக்கு வரச் சொல்லுங்க" என்பார்கள். பனியன் கம்பெனியில் ஒரு வேலை. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன செய்துவிட முடியும் என்று திருப்பூரில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது என் பேட்மிண்டன் ஜோடிக்கு நான் அந்த நல்லதைச் செய்தேன். அவன் வீட்டில் இன்றுவரை என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கும்.

எங்கள் வீடு நெருப்பெரிச்சலில். தோட்டமாக இருந்த இடத்தில் அப்பா முதலில் ஒரு ஷெட் போட்டார், பிறகு இன்னொன்று. வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கம்பெனி. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று பயமாக இருக்கும். இரண்டு தெரு தள்ளி லைன் வீடுகள். அதில் ஒன்றில்தான் அவன் இருந்தான். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்த குடும்பம். அவன் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்து, கையெல்லாம் புண்ணாகி, பாதி நாள் வீட்டில் இருந்தார். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை. ஒரு தங்கை. பத்தாவது முடிந்ததும் அவனைக் கம்பெனிக்கு அனுப்பிவிடச் சொல்லி சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லியும், பிளஸ் டூ வரைக்கும் படிக்கட்டும் என்று அவன் அம்மா ஒற்றைக்காலில் நின்றதாக அவனே சொல்லியிருக்கிறான். பிளஸ் டூ முடித்து, அதற்கான படிப்புப் படித்து, பி.டி. மாஸ்டர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. இதை என்னிடம் ஒளிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இருவரும் டவுனிலிருந்த ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு சைக்கிளில் போவோம். என்னுடையது பத்தாவது மார்க்குக்காக அப்பா வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள். அவனுடையது அவன் அப்பா ஓட்டித் தேய்ந்த, மட்கார்டு ஆடுகிற பெரிய சைக்கிள். ஜூனில் பள்ளி திறக்கும்போதே எங்கள் பக்கம் காற்று பிடித்துவிடும். ஆடியில் சொல்லவே வேண்டாம், சைக்கிளை ஆளோடு தூக்கிச் சாலையோரத்தில் வைக்கும். காலையில் டவுனுக்குப் போகும் வழி முழுக்க எதிர்க்காற்று. அவன் முன்னால் எழுந்து நின்று மிதிப்பான். நான் கியர் சைக்கிளை வைத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவேன். முன்னால் ஒருவன் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருபவனுக்குச் சுகமாக இருக்கும். நான் பின்னால் வருவது அவனுக்குத் தெரியும். "என்னடே, முதலாளி மவன் டிரைவர் வச்சு போறியா?" என்று திரும்பாமலே கேட்பான்.

பள்ளியில் உள்ளரங்கம் கிடையாது. மைதானத்து மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரைதான் பேட்மிண்டன் கோர்ட். காற்று வலுத்துவிட்டால் ஷட்டில் நெட்டைத் தாண்டாது, தாண்டினால் காம்பவுண்டைத் தாண்டிவிடும். அதனால் காலையில் சீக்கிரம் போய், காற்று வலுப்பதற்குள் ஆடிவிட வேண்டும். பி.டி. மாஸ்டர் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். பேட் கைப்பிடிக்கு எங்கள் கம்பெனி வேஸ்ட்டிலிருந்து பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியை நீளமாகக் கிழித்துச் சுற்றுவோம். கடையில் விற்கும் கிரிப்பெல்லாம் அதற்குக் கால்தூசி பெறாது என்பது எங்கள் எண்ணம்.

இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் ஜோடி. நெட்டுக்கு முன்னால் நிற்பது நான், பின்னால் ஓடியோடி எல்லாவற்றையும் எடுப்பது அவன். நான் சுமாராக ஆடுவேன். இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுமார்தான். அவன் வேறு ஜாதி ஆட்டக்காரன். வெறுங்காலோடு ஆடுவான். குதித்து மேலேயிருந்து அடித்தால் ஷட்டில் மண்ணில் பட்டுத் தூசி எழும்பும். எதிரில் நிற்பவன் அந்தத் தூசியைத்தான் பார்ப்பான்.

காற்று கொஞ்சம் தணிந்த சமயத்தில் அவன் ஆடிக்கொண்டிருந்த பள்ளிக்கூட பேட் கழுத்தோடு முறிந்தது. பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இரண்டு பேட் இருந்ததால் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஸ்மாஷ் அடிக்கவே இல்லை. பூவை வைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி மெதுவாகத் தட்டித் தட்டிப் போட்டான்.

"ஏண்டா அடிக்க மாட்டேங்கற?"

"அடுத்தவன் சாமான்டே. ஒடிஞ்சிட்டுன்னா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும்டா."

"அப்படிச் சொல்லாத. ஒனக்குச் சொல்லலாம்."

ஸ்மாஷ் இல்லாமல் நாங்கள் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு ஜெயிக்க வேண்டும். அசெம்பிளியில் பேர் படிக்க வேண்டும், எல்லாரும் கைதட்ட வேண்டும். அவனுக்குச் சொந்தமாக ஒரு பேட் வேண்டும் என்று நான் யோசித்தது முதலில் இதற்காகத்தான். அவன் கஷ்டத்தைப் பார்த்து மனம் இளகி அல்ல. பிறகு நானே என்னை அப்படி நம்பவைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, என்ற சிநேகிதன் ஒருத்தன் இருக்கறானுங்க. ஊட்டுல கொஞ்சம் சிரமமுங்க. ஸ்கூல் உட்டு வந்து ஏதாச்சும் வேல செய்யலாமுங்களா?"

அப்பா முகம் மலர்ந்தது. பையனுக்கு இரக்க குணம் இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். "வரச் சொல்லு கண்ணு. படிக்கற பையன், பொழுதோட வந்துட்டுப் போகட்டும். கைமடிக்குப் போட்டுக்கலாம்" என்றார். தையல்காரருக்கு வெட்டிய துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதுதான் கைமடி வேலை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லாருக்கணும் தம்பி" என்றார். அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சில சனிக்கிழமைச் சம்பளத்திலேயே அவனுக்கு பேட் வந்துவிட்டது. நீல நிறம். அதைக் கொண்டுவந்த காலையில் அவன் அடித்த அடியை டீக்கடையிலிருந்து திரும்பிய பி.டி. மாஸ்டர் நின்று பார்த்தார். பார்த்தாயா, இதை நடத்திக் காட்டியது நான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவன் கை பேட்டுக்கு மட்டும் வேகமான கை இல்லை. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின்காரர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பாத நேரத்தில், சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "உன்ற சிநேகிதன் கை இருக்குதே, மிசினுக்குன்னே பொறந்த கை கண்ணு." நான் இன்னும் ஒரு தோசை போட்டுக்கொண்டேன். என்னைப் புகழ்ந்தது மாதிரியே இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டுக் கடைகளில் தொங்க வேண்டிய துணியெல்லாம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். அந்த மாதங்களில் கம்பெனியில் எல்லாரும் ஒன்றரை ஷிப்ட். காலையில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்கள். ஆள் பற்றாது. அப்பா கொல்லைக் கதவில் நின்று கூப்பிடுவார். "கண்ணு, ஒரு எட்டுப் போயி அந்தப் பையனக் கூட்டிட்டு வா. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு சொல்லு." நான் போவேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு பள்ளி நாட்களிலும். காலையில் ஆடப் போகலாம் என்று சைக்கிள் மணியடித்துக் கூப்பிட்ட அதே வாசலில் நின்று, அதே மணியை அடித்து, கம்பெனிக்கு வரச் சொன்னேன்.

ஒருமுறை போனபோது அவன் தரையில் கவிழ்ந்து படுத்து பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தான். மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டை மூடினான். பென்சிலைச் சட்டைப் பையில் செருகினான். "வாரேன், போ" என்றான். அவன் அம்மா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்தேன். அவன் முகத்தை நான் பார்த்தேன், அதில் என்ன இருந்தது என்பதும் எனக்குப் புரிந்தது. 'இன்றைக்கு வேண்டாம், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் நேரம். சொல்லவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போனால் அப்பா என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

குறுவட்டப் போட்டி அவிநாசிபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில். அப்பா அன்றைக்கு அவனுக்கு லீவு கொடுத்தார். "நல்லா ஆடிட்டு வாங்க சாமி" என்று எங்கள் இருவர் கையிலும் செலவுக்குப் பணமும் கொடுத்தார். பஸ்ஸில் போகலாம் என்றேன். சைக்கிளிலேயே போகலாம் என்று அவன் அடம்பிடித்தான். பேட்டை முதுகில் கட்டிக்கொண்டு விடியும்போது கிளம்பினோம். காற்று நின்றுபோய், சாலையோரத்துச் சோளக்காடு அசையாமல் நின்றது. முந்தைய நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருந்தவன். தலைமுடியில் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வழியில் கண் சொருகிச் சைக்கிள் ஒருபக்கமாகப் போனது. அன்று மட்டும் நான் முன்னால் போனேன். பேசிக்கொண்டே வா, பேசிக்கொண்டே வா என்று கத்திக்கொண்டே போனேன். அவன் எனக்குப் பின்னால் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு வந்தான்.

கோர்ட்டில் இறங்கியதும் தூக்கம் எங்கே போனதோ தெரியாது. எனக்கு வந்ததையும் அவனே எடுத்தான். நான் ஓரமாக நின்றிருந்தாலே ஜெயித்திருப்போம், பெரும்பாலும் அப்படித்தான் நின்றேன். கடைசி ஆட்டத்தில் எதிர் ஜோடியினர் நல்ல ஷூ போட்ட, நல்ல பனியன் போட்ட பையன்கள். அந்தப் பனியனும் எங்கள் ஊரில் தைத்ததாகத்தான் இருக்கும். அவன் கடைசி ஸ்மாஷை அடித்ததும் பி.டி. மாஸ்டர் ஓடிவந்து அவனைத் தூக்கினார். மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டோம். அப்போது எங்களுக்கு மாவட்டம் கோயம்புத்தூர்தான், போட்டி அங்கேதான் நடக்கும்.

திரும்பி வரும்போது மதிய வெயில். ஒரு புளியமரத்தடியில் நின்று கரும்புச்சாறு குடித்தோம். மறுபடி ஏறி மிதித்துக் கொஞ்ச தூரம் போன பிறகு அவன் பக்கத்தில் வந்தான்.

"ஸ்கூல நிப்பாட்டிரலாமான்னு இருக்கேன்டே. அப்பாவுக்கு இனிமே முடியாது போலிருக்கு. அம்மாவும் இப்ப வேண்டாம்னு சொல்லல. நீ என்ன சொல்லுத?"

அவன் என்னிடம் கேட்டான். என்னிடம்தான் கேட்டான், வேறு யாரிடமும் இல்லை. என் மனதில் அப்போது மாவட்டப் போட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப டிஸ்ட்ரிக்ட் மேட்சு?" என்றேன்.

அவன் சிரித்தான். "அதுக்கு வந்துருவேன்டே. அதுக்கு வராம இருப்பனா?"

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியில் தாராளமாக இன்னொன்றும் சொன்னேன். "உன்ற இஷ்டம்டா. அப்பாகிட்டச் சொன்னா உன்னைய டெய்லராவே போட்டுருவாரு. நான் சொல்றேன்."

அவன் எழுந்து நின்று மிதித்து முன்னால் போனான். வழக்கம்போல நான் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியில் பேர் இல்லாதவன் பள்ளிக்காக ஆட முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பி.டி. மாஸ்டர் சொன்னபோதுதான் உறைத்தது. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "நல்ல பிளேயர்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரூம் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே போனார். கோயம்புத்தூருக்கு வேறொரு பையனோடு போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். வெளியே வந்து பஸ் ஏறியபோது தோற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இதற்காகத்தானே அவன் படிப்பை நிறுத்துவதைக்கூட நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

பொங்கல் கழிந்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் வந்தது. மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒரே மாதிரி சைக்கிள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். ஷட்டில் கோர்ட் முழுக்க சைக்கிள் நின்றது. அந்த வரிசையில் அவனும் நின்றிருக்க வேண்டியவன். கியர் சைக்கிள் வைத்திருந்த எனக்கு ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா, "நமக்கெதுக்குக் கண்ணு இது, கம்பெனில கெடக்கட்டும். டீ வாங்கப் போறதுக்கு ஆகும்" என்றார்.

டீ வாங்கப் போவது கைமடிப் பையன்களின் வேலை. டெய்லர் போக வேண்டியதில்லை. ஆனால் அவன் விரும்பிப் போனான். ஒரு மாலை பள்ளியிலிருந்து திரும்பும்போது, ஹேண்டில்பாரில் டீ கேனை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று மிதித்து எதிரே வந்தான். முன்னால் அரசாங்கத்தின் தகடு அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தான்.

"வண்டி நல்லா ஓடுதுடே" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியது.

நான் சிரித்துவைத்தேன். அதன் பிறகு அவன் டீ வாங்கப் போகும் நேரம் பார்த்து அந்தத் தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

அவன் கெட்டுப்போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சீக்கிரமே நல்ல டெய்லர் ஆனான். தன் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தான், தங்கையைப் படிக்க வைத்தான், பழைய டி.வி.எஸ். வண்டி ஒன்று வாங்கினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் அம்மா தூக்குவாளி நிறைய அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கொண்டுவருவார். "ஒங்களாலதான் தம்பி எங்க குடும்பம் தல நிமிந்துச்சு" என்பார். என் அம்மா அதைத் தட்டில் வைத்துக் கொடுப்பாள். ஏதாவது சாக்குச் சொல்லி அதைத் தொடாமல் எழுந்துவிடுவேன். பிறகு யாரும் இல்லாதபோது போய்ச் சாப்பிடுவேன். நன்றாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு குற்றம் மாதிரி தோன்றும்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன், அவன் அம்மா, தங்கை. அந்தப் பெண் பத்தாவது பாஸ் செய்திருந்தாள், நல்ல மார்க். கையில் சாக்லேட் டப்பா. அவன் உள்ளே வராமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டருகிலேயே நின்றான். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் அம்மா அப்பாவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "தம்பி, அண்ணனுக்கு வழி காட்டுன மாதிரி இவளுக்கும் நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும். செக்கிங்ல சேத்துக்கிட்டாப் போதும். ஒங்க கைராசி, அவ பொழைச்சுக்கிடுவா."

"அதுக்கென்னங்க, நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார் அப்பா.

அந்தப் பெண் சாக்லேட் டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டை மூடியபோது அவன் முகம் இருந்த மாதிரியே இருந்தது.

"வேண்டாங்கம்மா" என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "படிக்கட்டுங்க. பிளஸ் டூ முடிக்கட்டுங்க. சைக்கிள் தருவாங்க, பஸ் பாஸ் தருவாங்க. இங்க வேண்டாங்க. அப்பா, நீங்க சேத்துக்காதீங்க."

"என்ன கண்ணு, வேல கேட்டு வந்தவங்களப் போயி..." என்று அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவன் அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நான் ஏதோ கோபத்தில் பேசுகிறேன், தங்களை வேண்டாமென்று தள்ளுகிறேன் என்று நினைத்துவிட்டார். "நாங்க என்ன தப்பு பண்ணுனோம் தம்பி?" என்று கேட்டார்.

கேட்டருகிலிருந்து அவன்தான் சொன்னான். "அவன் சரியாத்தாம்மா சொல்லுதான். அவ படிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன். வாங்க, போலாம்."

அவர்கள் கிளம்பினார்கள். நான் கேட் வரைக்கும் போனேன். அம்மாவும் தங்கையும் தெருவில் முன்னால் நடந்தார்கள். அவன் வண்டியின் பெடலைத் தேடிக் காலை வைத்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன், இல்லை. சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

"இத அன்னைக்கே, மேட்சு முடிஞ்சு வந்த வழியில, எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்லாடே?" என்றான்.

வண்டியை மிதித்துக் கிளப்பி, முன்னால் போனவர்களோடு சேர்ந்துகொள்ள மெதுவாக ஓட்டிப் போனான்.